குடிவாரம் என்னும் ஒரு சொல்: சட்ட வரலாறு ஆராயும் முறை

உடையார்பாளையம் என்னும் பெயர் தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. கனம் கிருஷ்ணையர் அவ்வூர் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்து இசை வளர்த்தவர். அவரிடம் இசை பயின்றவர் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர். ஐயரவர்கள் எழுதிய 'என் சரித்திரம்' இத்தொடர்பை விரிவாகக் கூறும். காலாட்கள் தோழ உடையார் என்னும் பட்டம் பூண்ட அக்குடும்பத்தார் புலவரையும் இசைவாணரையும் புரந்த செய்தி இலக்கிய வரலாற்றில் இடம்பெற வேண்டுவதே.

இத்தகைய புரவலரைப்பற்றி ஆராய்ச்சியுரை எழுதுவோர் பலர் இறுதி இயலில் ஒரு தொடரை அமைத்து முடித்தல் வழக்கம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்களும் அவற்றின் எல்லைக்குள் இருந்த இனாம்களும் ஒருங்கே ஒழிந்தன என்பது அத்தொடர். அதன் முற்பாதி பொருந்தும், பிற்பாதி பொருந்தாது. இனாம் ஊர்களுள் ஒரு பெரும் வகுப்பு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் புறம்பாக நின்றது. அவ்வகுப்பு 1963-ஆம் ஆண்டில்தான் வேறொரு சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. ஒரே எல்லைக்குள் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊர்களுள் ஒன்றில் உழுதவன் முன்னரும், மற்றொன்றில் உழுதவன் பல ஆண்டு கழித்தும் பட்டா பெற நேர்ந்த வேறுபாடு இதனுள் அடங்கியுள்ளது. சட்டம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வரலாற்றைக் காணாது, அதன் பெயரை மட்டும் கேட்டு எழுதுவதால் இப்பிழை நேர்கின்றது.

ஒரு சட்டத்தின் வரலாற்றை ஆராயும் முறையைத் தமிழ் ஆராய்ச்சி மாணவர்க்கு எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது நம் மொழிச் சொல்லாகிய 'குடிவாரம்'.

1. சொல்லும் சட்டமும்

விளைவைப் பங்கிடும் பழைய வழக்கில் அரசனுக்கோ அரசனிடம் உரிமை பெற்றவனுக்கோ உரிய பங்கு மேல்வாரம் எனப்பட்டது. உழுகுடிக்கு உரிய பங்கும், அதனோடு பிணைந்து நிலத்தில் அவனுக்குள்ள உரிமையும் குடிவாரம் எனப்பட்டன. சென்னை மாகாணச் சட்டங்கள் ஆங்கிலத்தில் இயற்றப்பெற்றனவேனும், இச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல் இன்மையால், சட்டம் செய்தோர் இதனை அவ்வாறே எடுத்தாண்டனர். 1908-ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டமாகிய சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தில் இதனைக் காணலாம். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நிலக்காரனின் சொந்த நிலம் இன்னது என வரையறுக்குங்கால் 'கம்பத்தம்', 'பண்ணை' என்னும் சொற்களையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றது. சொற்பொருள் வரலாறு ஆராய்வார் அகராதிகளோடு சட்ட நூல்களையும் காணவேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னும் சட்டங்கள் இருந்தன. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் ஒழுங்குவிதி ஜமீன்தாருக்கு நிலையான இறை வகுத்தது. 1865-ஆம் ஆண்டின் எட்டாம் எண் சட்டம் வாரம் தண்டும் முறையை வகுத்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டமோ எஸ்டேட்டில் உழும் குடிக்கு நிலத்தில் நிலையான அனுபவ உரிமையைத் தெளிவாக வழங்கியது. ஆகவே, ஓர் ஊர் 'எஸ்டேட்' ஆகுமா ஆகாதா என்னும் வினாவுக்கு விடை காண்பது குடியின் வாழ்வையே முடிவு செய்வதாயிற்று.

2. ஒரு வரையறையின் ஐந்து நிலைகள்

எஸ்டேட் இன்னதென வரையறுப்பது மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அதில் இனாம் ஊரைப்பற்றிய பகுதி அடைந்த மாற்றங்களை நிரலே காண்போம்.

முதல் நிலை 1908. நிலவரி மட்டும் இனாமாக விடப்பெற்று, அதனைப் பெற்றவர் அவ்வூரின் குடிவாரத்தை உடையவராக இல்லாதிருப்பின், அவ்வூர் எஸ்டேட் ஆகும் என்பது மூலபாடம். அக்கொடையை அரசாங்கம் செய்திருத்தலோ, உறுதிப்படுத்தியோ ஏற்றோ இருத்தலோ வேண்டும் என்பதும் விதி. இனாம்தாரே குடிவாரத்தையும் உடையவராயின் அவ்வூர் எஸ்டேட் ஆகாது. அங்கு உழுபவனுக்கு இச்சட்டத்தின் காவலும் இல்லை.

இரண்டாம் நிலை 1918. சூரியநாராயணா எதிர் பட்டண்ணா என்னும் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இனாம் என்றால் நிலவரி மட்டுமே விடப்பெற்றது என முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள இடமில்லை. ஒவ்வொரு கொடையின் சொற்களையும் சூழலையும் கொண்டே முடிவு காணல் வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்தின் எழுத்து மாறவில்லை. அதன் பயன் மாறியது. இனாம்தார் இரு வாரமும் தமதே எனக் கூறுதற்கு வழி அகலமாயிற்று.

மூன்றாம் நிலை 1936. அவ்வாண்டின் 18-ஆம் எண் சட்டம், சென்னை எஸ்டேட் நிலம் (மூன்றாந் திருத்தம்) சட்டம் எனப்படுவது. நிலவரி மட்டும் என்னும் வரையறையையும் குடிவாரம் உடையவரல்லாதார் என்னும் நிபந்தனையையும் இது நீக்கியது. அரசாங்கத்தால் செய்யவோ உறுதிப்படுத்தவோ ஏற்கவோ பெற்ற இனாம் ஊர் எதுவாயினும் எஸ்டேட் ஆகும் என்றாயிற்று. ஒரு தமிழ்ச் சொல் இவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டதால் எத்தனையோ ஊர்கள் புதிதாக எஸ்டேட் ஆயின.

நான்காம் நிலை 1945. அவ்வாண்டின் இரண்டாம் எண் சட்டம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. கொடையில் ஊரின் பெயர் சுட்டப்பட்டிருப்பின், அவ்வூரின் சில நிலங்கள் முன்னரே ஊழிய மானியமாகவோ பொதுப் பயனுக்காகவோ பிரிந்து நின்றிருந்தாலும், கொடைக்குரிய பரப்பு எஸ்டேட்டே என்பது அவ்விளக்கம். இது 1936-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் காலம் முதலே செல்லுமாறு அமைக்கப்பெற்றது.

ஐந்தாம் நிலை 1948. அவ்வாண்டின் 26-ஆம் எண் சட்டமே ஜமீன் ஒழிப்புச் சட்டம் என நாம் வழங்குவது. எஸ்டேட்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பது அதன் முறையான பெயர்.  1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குட்பட்ட எஸ்டேட்கள் யாவற்றுக்கும் இது பொருந்தும். ஆயின் 1936-ஆம் ஆண்டின் மூன்றாந் திருத்தச் சட்டத்தால் எஸ்டேட் ஆன இனாம் ஊர்களுக்குப் பொருந்தாது என்று அதன் முதற்பிரிவே கூறிவிடுகின்றது.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓர் ஊர் 1936-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எஸ்டேட் ஆனதா, அதற்கு முன்னரே எஸ்டேட்டாக இருந்ததா என்பதை அறிய, 1936-இல் நீக்கப்பட்ட பழைய பாடத்தையே மீண்டும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அப்பாடத்தில் நின்ற சொல் குடிவாரம். சட்டத்திலிருந்து நீங்கிய சொல், நீங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழிந்த பின்னும், ஊர்களை இரு கூறாகப் பிரித்து நின்றது. 1948-இல் நடப்பிலிருந்த பாடத்தை மட்டும் படித்தவனுக்கு இது விளங்காது. விலக்கப்பட்ட ஊர்கள் 1963-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டமாகிய இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. முழு ஊராக இல்லாத சிறு இனாம்களுக்கு அதே ஆண்டின் 30-ஆம் எண் சட்டம் தனியே இயற்றப்பெற்றது.

3. ஆராயும் வழி

மேற்காட்டிய வரலாற்றை ஆராய்வோன் தானே கண்டறிய வேண்டின், எவ்வெச் சான்றுகளை எம்முறையில் நாடுதல் வேண்டும் என்பதை இனிக் கூறுவோம்.

முதற்கண் மூலபாடத்தை உறுதி செய்தல் வேண்டும். கடைகளில் கிடைக்கும் சட்டப் பதிப்புகள் திருத்தங்கள் யாவும் சேர்ந்த இறுதிப் பாடத்தையே தருவன. அடிக்குறிப்புகளில் இன்ன சொல் இன்ன சட்டத்தால் சேர்ந்தது என்னும் செய்தி சிறிய எழுத்தில் இருக்கும். அவ்வடிக்குறிப்புகளே நமக்கு ஏட்டுச் சுவடியின் பாடவேறுபாட்டுக் குறிப்புகள் போல்வன. அவற்றைப் பின்பற்றி, ஒவ்வொரு திருத்தச் சட்டமும் முதலில் அச்சான அரசிதழுக்குச் செல்லுதல் வேண்டும். சென்னை அரசிதழ் அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ் எனப் பெயர் பெற்றிருந்தது.

அடுத்து, காலக் குறிப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். மசோதா வெளியான நாள், அவையில் நிறைவேறிய நாள், ஒப்புதல் பெற்ற நாள், அரசிதழில் வந்த நாள், நடைமுறைக்கு வந்த நாள் ஆகியவை வேறு வேறு. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் எண் பெற்றதேனும், தலைமை ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது 1949 ஏப்ரல் 2-ஆம் நாள். அரசிதழில் வெளிவந்தது ஏப்ரல் 19-ஆம் நாள். ஓ. பி. இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில், வருவாய் அமைச்சர் கலா வெங்கடராவ் பொறுப்பில் நடந்த மசோதா, சட்டமாக வெளிவந்தபோது பூ. ச. குமாரசாமி ராஜா முதலமைச்சராகிவிட்டார். மேலும், சட்டம் வந்த அன்றே எல்லா ஜமீன்களும் அரசாங்கத்தைச் சேர்ந்துவிடவில்லை. ஒவ்வோர் எஸ்டேட்டுக்கும் அரசிதழில் தனித்தனியே அறிவிக்கப்பெற்ற நாளில்தான் அது அரசாங்கத்தின்பாற் சேரும். உடையார்பாளையத்தைப்பற்றி எழுதுவோர் அதற்குரிய அறிவிக்கையை எடுத்து நாளைக் குறித்தல் வேண்டும். '1948-இல் ஒழிந்தது' என்றெழுதி அமைதல் போதாது.

மூன்றாவதாக மசோதாவையும் அதனோடு அச்சாகும் நோக்க காரண விளக்கவுரையையும் காண்க. நூலுக்குப் பாயிரம் போன்றது அவ்வுரை. இன்ன குறையைக் களைய இது வருகின்றது எனச் சுருங்கக் கூறும். அதன்பின் தெரிவுக் குழுவின் அறிக்கையையும், அக்குழுவில் உடன்படாதார் எழுதிய மாறுபட்ட கருத்துரைகளையும் படித்தல் வேண்டும். மசோதாவின் முதற் பாடம், குழு திருத்திய பாடம், நிறைவேறிய பாடம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டால், எச்சொல் எக்கட்டத்தில் புகுந்தது, எது எப்போது வீழ்ந்தது என்பது புலனாகும். 1936-ஆம் ஆண்டு இனாம் ஊர்களை விலக்கும் பகுதியை இவ்வாறு ஒப்பிட்டுக் காண்பது ஆராய்ச்சி மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

நான்காவது அவை நடவடிக்கைக் குறிப்புகள். இவற்றை நாடுமுன் அக்காலத்துச் சட்டமன்ற அமைப்பை அறிதல் வேண்டும். 1908-இல் இருந்தது சிறியதோர் ஆலோசனை அவை. 1936-இல் சட்டமன்றம் ஓரவையே. 1937 முதல் பேரவை, மேலவை என ஈரவைகள் இருந்தன. மேலவை 1986-இல் நீங்கியது. ஆகவே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இரண்டு அவைகளின் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். ஓரவையின் தொகுதியோடு நிற்பவன் பாதியையே கண்டவனாவான். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம், ஆங்கிலம் போதிய அளவு அறியாத உறுப்பினர் வேறு மொழியில் பேச இடந்தந்தது. அத்தகைய தமிழ்ப் பேச்சுகளைச் சொல்லாராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம்.

ஐந்தாவது மசோதாவுக்கும் முற்பட்ட சான்றுகள். 1937-இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் வருவாய் அமைச்சராக இருந்த த. பிரகாசம் தலைமையில் எஸ்டேட் நிலச் சட்டத்தை ஆராய ஒரு குழு அமைந்தது. குடிகளிடமும் ஜமீன்தார்களிடமும் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் சான்று பெற்று, 1938-இல் அது அறிக்கை அளித்தது. நிலத்துக்கு உரியவர் குடிகளே. ஜமீன்தார் வரி தண்டும் உரிமை மட்டும் உடையவர் என்பது பெரும்பான்மையோர் முடிபு. வாரத்தை 1802-ஆம் ஆண்டு நிலைக்குக் குறைக்க வேண்டும் என்பது அவர்தம் பரிந்துரை. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி துறந்தமையால் அது அப்போது சட்டமாகவில்லை. ஆயினும், 1947-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் வாரக் குறைப்புச் சட்டத்தையும் அடுத்துவந்த ஒழிப்புச் சட்டத்தையும் விளங்கிக்கொள்ள இவ்வறிக்கையைப் படித்தே ஆகவேண்டும். சட்டமன்றத்தில் வாய் திறக்க வழியில்லாத குடிகளின் குரல் இத்தகைய சான்றுத் தொகுதிகளிலேயே பெரிதும் பதிவாகியிருக்கும்.

ஆறாவது சட்டத்திற்குப் பிற்பட்டவை: விதிகள், அறிவிக்கைகள், திருத்தங்கள், தீர்ப்புகள். 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பு 1936-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குச் சூழல் அமைத்தது போல, ஒரு சட்டத்தின் பின்வரலாறு அடுத்த சட்டத்தின் முன்வரலாறாகும்.

4. பெயரால் நேரும் தடைகள்

உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயின் அதன் பழைய ஆவணங்களை அரியலூர் என்னும் தலைப்பிலோ பெரம்பலூர் என்னும் தலைப்பிலோ தேடினால் கிடையா. பெரம்பலூர் மாவட்டம் 1995-இலும், அரியலூர் மாவட்டம் 2001-இலும் அமைந்தன. அரியலூர் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007-இல் மறுபடியும் தனியாயிற்று. அதற்கு முற்பட்ட ஆவணங்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின்கீழ் உள்ளன. 1878-இல் லூயிஸ் மூர் தொகுத்த மாவட்டக் கையேடும், 1907-இல் ஹெமிங்வே எழுதிய மாவட்ட விவரச் சுவடியும் திருச்சிராப்பள்ளியின் பெயரால் அமைந்தவையே. முற்கால ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயர் வகரத்தை முதலாகக் கொண்டும் எழுதப்பெற்றுள்ளது. அவ்வுருவங்களையும் கருத்தில் கொண்டு தேடுதல் வேண்டும்.

சட்டப் பெயர்களும் இவ்வாறே மாறின. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என ஆனபின், சட்டத் தழுவல் ஆணையால் 'சென்னை' என்னும் அடைமொழி 'தமிழ்நாடு' என மாற்றப்பெற்றது. ஆகவே ஒரே சட்டம் இரு பெயரால் வழங்கும். ஆண்டையும் எண்ணையும் சேர்த்துக் குறித்தால் மயக்கம் நேராது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முன்பு சென்னை ஆவண அலுவலகம் எனப்பட்டது. பழைய நூல்கள் அப்பெயராலேயே அதனைச் சுட்டும். வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகளும் அங்குக் காணத்தக்கவை.

5. சான்றின் வலிமை

கண்டெடுத்த சான்றுகள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. சட்டத்தின் எழுத்தே முதற்சான்று. அவையில் ஒருவர் பேசியது சட்டமாகாது. இங்கிலாந்தில் 1584-இல் தீர்ந்த ஹெய்டன் வழக்கு நான்கு வினாக்களை வகுத்தது. இச்சட்டத்திற்கு முன் விதி யாது? அதனால் தீராத குறை யாது? அதற்கு மன்றம் கண்ட மருந்து யாது? அம்மருந்தின் உண்மைக் காரணம் யாது? இவ்வினாக்களை நம் உச்ச நீதிமன்றமும் 1955-இல் வங்காள இம்யூனிட்டி கம்பெனி வழக்கில் ஏற்று ஆண்டது. ஆயினும் அதே நீதிமன்றம் 1952-இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில், நோக்க காரண விளக்கவுரையைக் கொண்டு சட்டச் சொல்லுக்குப் பொருள் காணலாகாது எனக் கூறியது. பின்னர் 1981-இல் வர்கீஸ் வழக்கில், மசோதாவைக் கொணர்ந்த அமைச்சரின் பேச்சை, எக்குறையைக் களைய அது வந்தது என்பதை அறியும் அளவில் பார்க்கலாம் என இசைந்தது.

நீதிபதியின் வினாவும் வரலாற்றாசிரியனின் வினாவும் ஒன்றல்ல. நீதிபதி சட்டம் யாது கூறுகின்றது எனக் காண்பவர். வரலாற்றாசிரியன் அது அவ்வாறு கூற நேர்ந்தது ஏன் எனக் காண்பவன். ஆகவே நீதிமன்றம் ஒதுக்கும் பேச்சையும் அவன் கொள்ளலாம். ஆனால் பேச்சைப் பேச்சாகவும் எழுத்தை எழுத்தாகவும் பிரித்துக் காட்டுதல் அவன் கடமை. ஓர் உறுப்பினர் வாதிட்டதைச் சட்டத்தின் கருத்தாக எழுதுதல், உரையாசிரியர் கூற்றை மூலநூலின்மேல் ஏற்றுவது போன்றதாகும்.

6. இலக்கிய ஆராய்ச்சிக்குப் பயன்

இனி, உடையார்பாளையம் போன்ற ஜமீனின் எல்லையில் ஒரு புலவருக்கோ கோயிலுக்கோ ஓர் ஊர் கொடுக்கப்பெற்றதாக ஒரு செய்யுளோ சிறப்புப்பாயிரமோ செவிவழிச் செய்தியோ கூறுவதாகக் கொள்வோம். 'ஊர் கொடுத்தார்' என்பதோடு இலக்கிய வரலாறு அமைந்துவிடும். சட்ட வரலாறு கற்றவனோ மேலும் சில வினாக்களை எழுப்புவான். கொடை நிலையான இறை வகுக்கப்பெறுவதற்கு முன்னதா, பின்னதா? முன்னதாயின் அரசாங்கம் அதனை உறுதிப்படுத்தியதா? பின்னதாயின் அது தர்மிளா இனாம் எனப்படும்; ஜமீனின் பகுதியாகவே நின்று, நிலையான கீழுரிமையா என்னும் வேறு வினாவுக்கு உட்படும். கொடுத்தது முழு ஊரா, சில நிலங்களா? மேல்வாரம் மட்டுமா, இரு வாரமுமா? இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பெறும் விடையைப் பொறுத்து அவ்வூர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, 1963-ஆம் ஆண்டின் இரு சட்டங்களுள் ஒன்றிலோ அடங்கும்.

கடைசி வினா மிக இன்றியமையாதது. மேல்வாரம் மட்டும் கொடுத்திருப்பின், புலவர் பெற்றது ஊரின் வருவாய். ஊர் குடிகளுடையதாகவே இருந்தது. இரு வாரமும் கொடுத்திருப்பின், கொடுத்தவர் தமக்குரியதையே கொடுத்தாரா, குடிக்குரியதையும் சேர்த்துக் கொடுத்தாரா என்னும் கேள்வி எழும். புரவலரின் வள்ளன்மையைப் பாடும் நூல்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை. சட்டமன்றமும் நீதிமன்றமும் அரை நூற்றாண்டுக்கு மேல் இதனைச் சுற்றியே வாதிட்டன. இலக்கியம் ஒரு பக்கத்தையும் சட்ட ஆவணம் மறுபக்கத்தையும் காட்டுகின்றன. இரண்டையும் படித்தாலன்றி ஊரின் வரலாறு நிறைவுறாது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் திறன்கள் தமிழ் மாணவர்க்குப் புதியவை அல்ல. பாடங்களை ஒப்பிடுதல், புகுந்த சொல்லையும் நீங்கிய சொல்லையும் கண்டறிதல், மூலத்தையும் உரையையும் வேறுபிரித்தல், காலத்தை வரையறுத்தல் ஆகியவற்றைச் சுவடிப் பதிப்பில் நாம் நாளும் செய்கின்றோம். அவற்றையே அரசிதழுக்கும் அவைக்குறிப்புக்கும் கொண்டு செல்லுதல் வேண்டும். குடிவாரம் என்னும் சொல் எங்கு இருந்தது, எப்போது நீங்கியது, நீங்கியபின் யாருக்கு யாது நேர்ந்தது என்பதை ஓர் ஊரளவிலேனும் ஒரு மாணவர் முழுமையாக ஆராய்ந்து எழுதுவாராயின், அது தமிழாராய்ச்சிக்கும் நிலவரலாற்றுக்கும் ஒருங்கே பயன்தரும் பணியாகும்.